பதினோரு கணினி, பன்னிரண்டு விலங்கு

கணினி அறையின் சாவி என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒரு பிரிண்டர். ஒருநாள் காலையில் அது தேர்வுத்தாளை விழுங்கிவிட்டு வெளியே விட மறுத்தது. நான் கைப்பையிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து, உள்ளே விட்டுத் தாளை உருவினேன். அவ்வளவுதான். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, "டீச்சருக்குக் கம்ப்யூட்டர் நல்லா வரும்" என்று அறிவித்து, சிவப்பு நாடா கட்டிய சாவியை என் பக்கம் நகர்த்தினார். நான் தமிழ் ஆசிரியை. ஐந்தாம் ஆண்டுக்கு இலக்கணம் சொல்லித் தருபவள். மறுத்துப் பேச வாயெடுப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

எங்கள் பள்ளி பெடாஸ் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது எங்கள் பிள்ளைகள் யாரும் குடியிருக்கவில்லை. பெற்றோர் எல்லாரும் வெளியே தாமான் என்னும் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு, சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அறுபத்துச் சொச்சம் பிள்ளைகளும் காலையில் வேனில் செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். மதியம் குலுங்கிக்கொண்டு வெளியே போவார்கள்.

கணினி அறையில் பதினான்கு கணினிகள். அவற்றில் மூன்று திறக்கவே திறக்காது. மிச்சம் பதினொன்று, மனநிலையைப் பொறுத்து. குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. மழை பெய்தால் இணையம் போய்விடும். மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே நிற்கும்.

பொறுப்பேற்ற முதல் வாரமே பாதுகாப்பு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மொத்தம் பதின்மூன்று விதிகள். நல்ல செந்தமிழில், பிழையில்லாமல், பிளாஸ்டிக் உறை போட்டு. 'அந்நியருடன் உரையாடுதல் கூடாது' என்பது நான்காவது. அதைப் படித்த ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அந்நியர்னா யாரு டீச்சர்?"

"உனக்குத் தெரியாதவங்க."

"கேம்ல தினமும் என்கூட பேசுறவங்க தெரிஞ்சவங்கதானே?"

"விதியை ஒழுங்கா படி லா" என்றேன். மணி அடித்தது. நான் தப்பித்தேன்.

உண்மையில் என்னை வாட்டியது விதிகள் அல்ல, கடவுச்சொற்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாணவர் கணக்கு உண்டு. அதற்கு ஒரு நீளமான கடவுச்சொல். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கட்டாயம். அதைப் பிள்ளைகள் வாரம் தவறாமல் மறந்தார்கள். சிலர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, வழியில் ஐஸ் சாப்பிட்டு அழித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேர வகுப்பில் அரை மணி நேரம் உள்ளே நுழைவதற்கே போனது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆவணத்தில் ஒரு கதை எழுதட்டும். தோட்டத்துக்குள் ஒரு புலி வழி தவறி வந்துவிடுகிறது; பிறகு என்ன ஆகிறது என்று ஆளுக்கு ஒரு பத்தி. கடவுச்சொல் தொல்லையே வேண்டாம் என்று, ஆவணத்தின் இணைப்பு யாரிடம் இருந்தாலும் உள்ளே வந்து எழுதலாம் என்று அமைத்தேன். ஒரு சின்னப் பொத்தான்தான். அழுத்தும்போது என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கணக்கு இல்லாமல் உள்ளே வருபவர்களுக்கு அந்த ஆவணம் தானாகவே ஒரு விலங்கின் பெயர் சூட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. திரையின் மேல் மூலையில் வண்ண வட்டங்கள். ஒருத்தர் ஒட்டகம், ஒருத்தர் வௌவால், ஒருத்தர் நீர்நாய். ஒவ்வொரு முறை நுழையும்போதும் விலங்கு மாறும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "டீச்சர், இன்னைக்கு நான் கங்காரு." "டீச்சர், அவ எருமை, டீச்சர் பாருங்க." கதைக்குக் கீழே வெற்றிடத்தில் விலங்குகள் ஒன்றையொன்று கிண்டல் செய்துகொண்டன. எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் பையன்கள்கூட ஒட்டகமாகவும் ஓநாயாகவும் மாறி முழுப் பத்தி எழுதினார்கள். ஒற்றுப்பிழையோடுதான், ஆனால் எழுதினார்கள்.

தலைமையாசிரியை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார். "இத நம்ம பள்ளிப் பக்கத்துல போடலாம் டீச்சர். புள்ளைங்க போட்டோவும் சேத்துப் போடுங்க. பேரண்ட்ஸ் பாத்து சந்தோஷப்படுவாங்க." நான் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தேன். சட்டையில் பள்ளிச் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. படத்துக்குக் கீழே, பெற்றோர் கதையைப் படிக்கட்டும் என்று, இணைப்பையும் போட்டேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம் அது. அன்று அதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எத்தனை பேர் விருப்பக்குறி போட்டார்கள் என்றுதான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பில் கதவோரக் கணினியில் ஒரு பெண் உட்காருவாள். ரெட்டைச் சடை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. படிக்கட்டு எத்தனை, விசிறியில் எத்தனை இறக்கை, என் வளையல் எத்தனை என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருநாள் ஓய்வு நேரத்தில் நான் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நம்ம ரூம்ல எத்தன கம்ப்யூட்டர் ஓடுது?"

"பதினொன்னு. ஏன்மா?"

"அப்போ ஏன் பன்னெண்டு மிருகம் இருக்கு?"

நான் சிரித்தேன். "பெரிய டீச்சர் ஆபிஸ்ல இருந்து பாத்திருப்பாங்க. அவங்க என்ன மிருகமா வந்தாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "நேத்தும் பன்னெண்டு டீச்சர்" என்றாள். நான் முள்கரண்டியால் மீயைச் சுற்றிக்கொண்டே, "சரி சரி, நான் பாக்குறேன்" என்றேன். பார்க்கவில்லை. அன்று மதியம் மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் வேறொன்று. ஒரு பத்து வயதுப் பெண் சரியாகக் கணக்கெடுத்துக் கொண்டு வந்து கையில் கொடுத்ததை நான் மீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். கணினி வகுப்பன்று அவள் வயிறு வலிக்கிறது என்று வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வகுப்பிலும் அதே வயிற்றுவலி. மருந்தெண்ணெய் தேய்த்துவிட்டு, "காலையில பசியாறுனியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கதை முழுவதையும் அச்செடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்த உட்கார்ந்தேன். புலி செம்பனைக் காட்டில் பழக்குலை தின்கிறது, வேன் ஓட்டுநரைத் துரத்துகிறது, பெரிய டீச்சரைக் கண்டு பயந்து ஓடுகிறது. நான் சிவப்புப் பேனாவோடு சிரித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு பத்தி, கதையோடு ஒட்டாமல் நின்றது.

'புலியோடு இன்னொரு மிருகமும் வந்தது. அதற்குப் பெயர் இல்லை. அது ஒரு பெண்ணின் கதை நன்றாக இருக்கிறது என்று சொன்னது. படத்தில் நீ யார் என்று கேட்டது. அவள் சொன்னாள். பிறகு ஒரு படம் கேட்டது. அவள் அனுப்பினாள். இன்னொரு படம் கேடது. டீச்சரிடம் சொல்லாதே என்றது. அந்தப் பெண்ணுக்கு வயிறு வலித்தது.'

'கேட்டது' என்பதில் ஒரு 'ட்' விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்தேன். சேர்த்த பிறகுதான் படித்தது என்ன என்று உறைத்தது. தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, சமையலறைக்குப் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்து மறுபடியும் படித்தேன்.

முதலில் அந்த ஆவணத்தை அப்படியே அழித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. அது அக்கறையால் வந்த எண்ணம் அல்ல, பயத்தால் வந்தது. அழித்துவிட்டால் அந்தப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை என்று ஆகிவிடும் போல ஒரு நினைப்பு. நல்லவேளை, விரலை எடுத்துவிட்டேன். வெளியார் யாரும் உள்ளே வரமுடியாதபடி இணைப்பை மட்டும் அடைத்தேன். பள்ளிப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினேன். பிறகு ஆவணத்தில் யார் எப்போது என்ன எழுதினார்கள் என்ற பழைய பதிவுகளைத் திறந்தேன். பிள்ளைகளின் கிண்டல்களுக்கு நடுவே அது இருந்தது. எழுதப்பட்டு, பிறகு அழிக்கப்பட்ட வரிகள். ஆங்கில எழுத்தில் தமிழ். உன் பத்திதான் சிறந்தது. ரெட்டைச் சடை போட்டிருப்பது நீயா? கதைப்போட்டி ஒன்று இருக்கிறது, சான்றிதழுக்குப் படம் வேண்டும், வாட்சப் நம்பர் தா. ஒவ்வொரு வரியையும் படமாகச் சேமித்தேன்.

பள்ளி திறந்ததும் அவளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். எப்படித் தொடங்குவது என்று வாரக் கடைசி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீ பன்னெண்டுன்னு சொன்னப்போ நான் பாத்திருக்கணும்" என்றேன். "நான் பாக்கல. அது என் தப்பு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏச மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அம்மா ஏசுவாங்க."

"அம்மாகிட்ட நான் பேசுறேன். நீ எத்தன படம் அனுப்புன?"

"ஒன்னுதான் டீச்சர். ஸ்கூல் யூனிபோர்ம்ல. சர்டிபிகேட்டுக்குன்னு சொன்னாங்க." அவள் விரல்களை மடக்கி நீட்டினாள். "அப்புறம் வேற மாதிரி கேட்டாங்க. எட்டு தடவ கேட்டாங்க. நான் அனுப்பல. அனுப்பலன்னா ஸ்கூலுக்கே வருவேன்னு சொன்னாங்க."

எட்டு. அதையும் எண்ணியிருக்கிறாள். நான் அவள் தலையைத் தடவினேன். "நீ எழுதுனதுதான் ரொம்ப சரி. உன் பத்தியாலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றேன். அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, "திருத்துவீங்கன்னு தெரியும் டீச்சர்" என்றாள்.

தலைமையாசிரியை நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு, "ரூம பூட்டிடுங்க டீச்சர். இனிமே கம்ப்யூட்டரே வேணாம்" என்றார்.

"பூட்டுனா வீட்டுல போன்ல பாப்பாங்க மேடம். அங்க நாம இருக்க மாட்டோம்."

"மேலிடத்துக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். நான்தான் திறந்து விட்டேன்னு எழுதித் தர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "போட்டோ போடச் சொன்னது நான்தானே" என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் சேந்தே எழுதுவோம்." அன்றுவரை நான் அவரைக் கொஞ்சம் விறைப்பான மனுஷி என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா செனவாங்கில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் வேலை. அப்பா கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அந்த வாரம் ஜொகூர் பக்கம் போயிருந்தார். தொழிற்சாலை வேன் ஐந்தரைக்கு அம்மாவை இறக்கிவிட்டது. கழுத்தில் வேலை அட்டை தொங்க, கையில் கடையில் வாங்கிய தாப்பாவ் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவர், வாசலில் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"என்னா டீச்சர், பரீட்சையில ஏதும் குறைஞ்சிடுச்சா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கைப்பேசி ஒன்றை வீட்டுப்பாடத்துக்காக மகளிடம் விட்டிருந்தார். அந்த எண்ணைத்தான் அவள் கொடுத்திருந்தாள். அம்மா அதை எடுத்து, விரலால் மேலே தள்ளித் தள்ளிப் படித்தார். முகம் கறுத்தது. முதலில் மகளைப் பார்த்தார்.

"எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், யார்கிட்டயும் நம்பர் குடுக்காதன்னு?"

மகள் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். நான் நடுவில் புகுந்தேன். "அக்கா, அவ மேல தப்பில்ல. அந்த ஆளு உள்ள வர்றதுக்கு வழி விட்டது நான். இணைப்பையும் போட்டோவையும் வெளியில போட்டது நான்."

"நீங்களா டீச்சர்?"

"ஆமா."

கோபப்படுவார், படட்டும் என்று காத்திருந்தேன். அவர் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"எங்க கிலாங்ல, அதான் பேக்டரியில, ஒரு மெஷின் தப்பா ஓடுச்சுன்னா, யாரு பட்டன அமுக்குனதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்றார். "நீங்க வந்து சொல்றீங்க. சரி. இப்ப என்ன பண்ணணும்?"

பிறகு மகளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் அழத் தொடங்கினாள். அம்மா அவள் சடையைப் பிரித்து மறுபடியும் பின்னிக்கொண்டே, லோரியில் இருந்த கணவரை அழைத்து நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் ஹாரன் சத்தமும், அதன் பிறகு, "புள்ள சாப்டுச்சா?" என்ற கேள்வியும் வந்தன.

அடுத்த நாள் அம்மா, மகள், நான் என மூவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். புகார் எழுதிக்கொள்ள வந்தது ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. சந்தேகப்படும் ஆளின் பெயர் என்ன என்று மலாயில் கேட்டார்.

"பெயர் இல்லை. முதல் நாள் மெமெராங்" என்றேன். நீர்நாய்க்கு மலாயில் அதுதான் பெயர்.

பேனா நின்றது. "மெமெராங்?"

"செவ்வாய்க்கிழமை மெமெராங். வியாழக்கிழமை ஊந்தா." ஊந்தா என்றால் ஒட்டகம்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். நான் அச்செடுத்து வந்த தாள்களை அவசரமாக நீட்டினேன். ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். படிக்கப் படிக்க, சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அவர் உதடு இறுகியது. கைப்பேசியை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். எதையும் அழிக்காமல் கொண்டு வந்தது நல்லது, பாதிப் பேர் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்றார். எனக்குக் காது சுட்டது. நான் எவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பினேன் என்று அவருக்குத் தெரியாது.

பதினோரு கணினி, பன்னிரண்டு விலங்குக் கணக்கை நான் சொன்னதும் அவர் அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, "பன்னிரண்டு என்று கண்டுபிடித்தது நீயா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அதிகாரி இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் அவள் என் காதில், "அந்த அறையில நாலு கேமரா இருக்கு டீச்சர்" என்றாள். வயிற்றுவலி போய்விட்டது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அந்த ஆள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து அதிகாரி அழைத்தார். எண் வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது, அவரே பயன்படுத்தினாரா என்று விசாரிக்கிறார்கள், வேறு பள்ளிகளிலிருந்தும் புகார் வந்திருக்கிறது என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு அனுமதியில்லை. பள்ளிக்கு யாரும் வரவில்லை. அந்த ஒரு படத்துக்கு மேல் எதுவும் போகவில்லை. அதோடு மனதைத் தேற்றிக்கொண்டோம். ஆனாலும் பல நாள், பள்ளி வாசலில் தெரியாத எண் பலகையோடு காடி ஒன்று நின்றால் பள்ளிக் காவலருக்கு முன்னால் நான் போய் நிற்பேன்.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தலைமையாசிரியையும் நானும் முடிவு செய்தோம். பிள்ளை யார் என்று சொல்லக்கூடாது. நான் பேச எழுந்தேன். நாற்பது பெற்றோர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். என் தவறைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எந்தப் புள்ள டீச்சர் அது? வளப்பு சரியில்ல போல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா எழுந்து நின்றார். வேலை அட்டை இன்னும் கழுத்தில் இருந்தது.

"எங்க வீட்டுப் புள்ளதான்" என்றார். "வளப்பு நல்லாத்தான் இருக்கு. அதான் சொல்லுச்சு. உங்க வீட்டுல கேட்டுப் பாத்தீங்களா?"

பின்வரிசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் இருந்த ஒரு அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "என் பையன்கிட்ட கேம்ல வைரம் தர்றேன்னு ஒருத்தன் வீட்டு அட்ரஸ் கேட்டிருக்கான். நான் அத பெருசா எடுத்துக்கல." அவரைத் தொடர்ந்து இன்னொரு அம்மா. பிறகு இன்னொருவர். கூட்டம் பதினொன்றுக்கு முடிய வேண்டியது. ஒரு மணி வரை போனது. எல்லாரும் எதையோ சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இறக்கி வைக்க இடம் இல்லாமல் இருந்திருக்கிறது.

கணினி அறையைப் பூட்டவில்லை. கடவுச்சொற்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். முதல் இரண்டு வாரம் வகுப்பு நேரம் முழுவதும் அதற்கே போனாலும் பரவாயில்லை என்று விட்டேன். பிள்ளைகள் தங்களுக்கு மறக்காத மூன்று பொருள்களைச் சேர்த்துக் கடவுச்சொல் உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் தனக்குப் பிடித்த மூன்று சாப்பாட்டைச் சேர்த்து வைத்தான். அது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், பிடிக்காத மூன்றுக்கு மாற்றச் சொன்னேன்.

சுவரிலிருந்த என் பதின்மூன்று விதிகளைக் கழற்றிவிட்டு, நீங்களே எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். எழுத்துப்பிழையைக்கூட நான் திருத்தவில்லை. 'உள்ள வந்ததும் எண்ணு. கூட ஒன்னு இருந்தா கைய தூக்கு' என்பது முதலாவது. 'படம் கேட்டா அம்மாகிட்ட காட்டு. அம்மாகிட்ட காட்டாதன்னு சொன்னா கண்டிப்பா காட்டு' என்பது இன்னொன்று. 'எழுந்து போறப்ப லாக் அவுட் பண்ணு. பண்ணலன்னா உன் பேர்ல நான் ஒரு வாத்துன்னு எழுதுவேன்' என்று ஒரு விதி. அதை எழுதியவன் சொன்னபடியே செய்தான். என் கணக்கிலும் ஒருநாள் செய்தான். அன்றிலிருந்து தேநீர் எடுக்க எழுந்தால்கூட நான் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுகிறேன். கடைசி விதி கதவோரத்து இடத்திலிருந்து வந்தது: 'டீச்சரும் தப்பு பண்ணுவாங்க. போய் சொல்லு.'

இப்போது அவள் ரெம்பாவ் இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்தில் போகிறாள். கணக்குப் பாடத்தில் நல்ல பெயர் என்று கேள்வி. அவளைவிட அவள் அம்மாவோடுதான் எனக்கு இன்று அதிகப் பேச்சு. கூட்டத்துக்குப் பிறகு தாமான் முழுவதும் அவரிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் அதை எனக்கு அனுப்புவார். காலை ஆறு மணிக்கு, தொழிற்சாலை வேனில் இருந்தபடி. 'டீச்சர், பரிசு விழுந்துருக்குன்னு வந்துருக்கு, நிஜமா?' 'டீச்சர், பார்சல் வந்துருக்காம், அமுக்கலாமா?' நானும் பசியாறிக்கொண்டே, 'அமுக்காதீங்க அக்கா' என்று பதில் போடுவேன்.

போன வாரம் ஓர் அவசரத்தில், இலவச பெட்ரோல் கூப்பன் என்று எனக்கு வந்த ஒன்றை, சரியாகப் படிக்காமல் நான்கு பேருக்குத் தட்டிவிட்டேன். அவருக்கும் போயிருக்கிறது. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

'டீச்சர், இது டூப்பு லா. எழுத்துல ரெண்டு தப்பு இருக்கு, பாக்கலியா? மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க.'

மற்ற மூன்று பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, வேகமாக வகுப்புக்கு நடந்தேன்.